அவருக்கு நான் வாசித்தது

கல்யாணமான மறுவாரமே என் கணவர் எனக்கு ஒரு நோட்டு வாங்கித் தந்தார். தினமும் காலை ஆறு மணிக்கு இருவரும் எங்கள் வேதமான பைபிளில் ஒரே அதிகாரத்தைத் தனித்தனியாக வாசிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கண்மூடித் தியானித்துவிட்டு மனதில் பட்டதை அவரவர் நோட்டில் எழுத வேண்டும். மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டைச் சுற்றிலும் கோயில் பாட்டு கேட்கும் நேரம் அது. ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் கேட்பார்.

"இன்னிக்கு ஆண்டவர் உன்கிட்ட என்ன பேசினார்?"

நான் சொல்வேன். முழுதும் கேட்டுவிட்டு, "இது ஆண்டவர் பேசினது இல்ல. நீ பேசினது" என்பார். பிறகு என் நோட்டை வாங்கி, நான் எழுதியதன் ஓரத்தில் சிவப்பு மையால் திருத்துவார். சபையில் அவர் நடத்தும் வேதபாட வகுப்புக்குப் பெரிய பேர் உண்டு. எவ்வளவு அசட்டுக் கேள்வி கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார் என்பார்கள். அது உண்மைதான். அந்தப் பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. மகள் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு. அதற்கு அடுத்த வருடம் ஒரு காலையில், குழந்தை செத்தபிறகு எழுந்து குளித்துச் சாப்பிட்ட ராஜாவின் கதை வந்தது. தகப்பன் சாப்பிட்டதை எழுதியிருக்கிறார்கள், அந்தத் தாய் சாப்பிட்டாளா என்று யாரும் எழுதவில்லையே என்று என் நோட்டில் எழுதினேன். அவர் அன்று திருத்தவில்லை. புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் சமையலறையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் என் நோட்டின் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பது கேட்டது. எப்படித் தியானிக்கக் கூடாது என்பதற்கு அது உதாரணமாம். "வேதத்துல போய் யார் என்ன சாப்பிட்டாங்கன்னு தேடுறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேசரியைத் தட்டுகளில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லா இருக்கு என்றார்கள்.

அதன்பிறகு அவருக்குப் பிடித்த மாதிரியே எழுதக் கற்றுக்கொண்டேன்.

அவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. எவ்வளவு புரிகிறது என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார் மருத்துவர். நான் எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன். இவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று முடிவு செய்தேன்.

கே.கே. நகரில் இருக்கும் என் மகள் வாராவாரம் வந்து போவாள். "அம்மா, அப்பாவுக்கு தினமும் வேதம் வாசிச்சுக் காட்டுங்க. காதுல விழுந்தாலே தெம்பு வரும்" என்றாள்.

முதல் வாரம் ஆறுதலான சங்கீதங்களாகப் பார்த்து வாசித்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். எட்டாம் நாள், பேச்சு பறிக்கப்பட்ட ஆசாரியனின் அதிகாரத்தை எடுத்தேன். என் குரல் அவ்வளவு தெளிவாக வரும் என்று எனக்கே தெரியாது. மறுநாள் புல்லைத் தின்ற ராஜா. அதற்கு மறுநாள் புழுத்துச் செத்த ராஜா. இரவு சாப்பிடும்போதே அடுத்த நாளுக்கானதைத் தேர்ந்து வைத்துவிடுவேன். வேதத்தை அவ்வளவு கவனமாக அதற்கு முன் நான் படித்ததில்லை.

வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பேன்.

"ஆண்டவர் உங்ககிட்ட என்ன பேசினார்?"

ஒரு நிமிடம் காத்திருப்பேன். "ஒண்ணுமே பேசலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோவேன்.

புரையேறும் என்பதால் அவருக்குத் தண்ணீரில் ஒரு பொடி கலந்து கெட்டியாக்கி ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். ஒரு காலை அவர் உதட்டை நக்கியபடி டம்ளரையே பார்த்தார். எரியும் இடத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்ட பணக்காரனின் கதையை அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன். டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அதன்பிறகுதான் கொடுத்தேன்.

அவரைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட ராயப்பேட்டையிலிருந்து ஒருவர் வருவார். ஐம்பது வயது தாண்டியவர். அன்று அவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"அம்மா, நீ படிக்க சொல்ல சாரு கண்ல தண்ணி வருது. இன்னான்னு பாரு."

"அது வியாதிப்பா. கண்ணு சரியா மூடல."

"படிச்சு முடிச்சா நின்னுடுது. எல்லாத்தையும் கேட்டுக்கினு கீறாருன்னு தோணுதும்மா."

"நீங்க வெந்நீர் வையுங்க" என்றேன்.

மேல்வீட்டு மாமி மாடிப்படியில் என்னை நிறுத்தி, "கார்த்தால உங்காத்துலேர்ந்து வாசிக்கற சத்தம் கேக்கறது. எனக்கு அர்த்தம் தெரியாட்டாலும் கேட்டுண்டிருப்பேன். உங்காத்துக்காரர் குடுத்து வச்சவர்" என்றாள். நன்றி சொன்னேன்.

ஏழு மாதம் இப்படிப் போனது. பிறகு மகள் அடையாறிலிருந்து பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணை அழைத்து வந்தாள். அந்தப் பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அங்கிள், கண்ணாடியை எடுங்க" என்றாள். இடது கையால் எடுத்தார். "கதவைப் பாருங்க." பார்த்தார். "பென்சிலைத் தொட்டுட்டு, அப்புறம் சாவியை என்கிட்ட குடுங்க." தொட்டார், கொடுத்தார்.

"நல்லா புரியுது ஆன்ட்டி. பேச்சுதான் வரல."

"இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"இவ்வளவு தெளிவா இருக்கறதைப் பார்த்தா முதல்லேர்ந்தே புரிஞ்சிருக்கும்."

மகள் அழுதுவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அம்மா வாசிச்சதெல்லாம் கேட்டுட்டுதான் இருந்தீங்களா?" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் காபி போடப் போனேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வாடை வந்தபிறகு மகள் ஓடிவந்து அடுப்பை மூடினாள்.

மறுநாள் காலை மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை எடுத்தேன். இரண்டு வரி தாண்டவில்லை. அவர் இடது கையை நீட்டிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பணக்காரனின் கதை வந்ததும் விரலை வைத்து என்னைப் பார்த்தார். வாசித்தேன். முடிந்ததும் அதே இடத்தில் தட்டினார். மறுபடி வாசித்தேன். அன்று நான்கு முறை.

அதற்குப்பின் அவரே தேர்ந்தார். திரும்பிப் பார்த்து உப்பானவள், ஜன்னலிலிருந்து தள்ளப்பட்டு நாய்களுக்கு இரையான ராணி, நோயில் கிடந்த புருஷனைச் செத்துப்போ என்ற மனைவி. வாசித்து முடித்ததும் விரலால் தாளைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். நான் பதில் சொல்ல வேண்டும்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றேன் ஒரு நாள்.

மறுபடி தட்டினார். போதவில்லை.

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அவர் தேர்ந்ததை வாசித்துவிட்டு நான் ஒன்று தேர்ந்து வாசிப்பேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் புத்தகத்தில் எங்கள் இருவருக்கும் வேண்டிய அளவு இருந்தது. ஒரே ஒரு நாள், வம்ச வரலாற்றின் மேல் விரலை வைத்தபடி அவர் தூங்கிப்போனார். எழுப்பாமல், யார் யாரைப் பெற்றார் என்று அத்தனை பெயரையும் மெதுவாக வாசித்தேன். அன்று மட்டும் நான் என்னுடையதை வாசிக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி இருந்தோம். நெஞ்சில் சளி கட்டி அவர் போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனையில், கடைசிவரை புருஷனுக்கு வேதம் வாசித்துக் காட்டிய மனைவி என்று ஆயர் என்னைப் புகழ்ந்தார். பெண்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். ராயப்பேட்டைக்காரர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் அறிந்தவர் அவர் ஒருவர்தான். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "வரேம்மா" என்றார்.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கேயும் குடும்ப ஜெபம் உண்டு. போன மாதம் மருமகன் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "அத்தை, இன்னிக்கு நீங்க வாசிங்க. உங்க வாசிப்பைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க" என்றார். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றேன். அந்த வாரமே மகள் என்னைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். எழுத்துப் பலகையில் கடைசி வரியைத் தவறாகச் சொல்ல நினைத்திருந்தேன். வாய் தானாகச் சரியாகச் சொல்லிவிட்டது. இந்த வயசுக்கு அருமையான பார்வை என்றார் மருத்துவர்.

ஆட்டோவில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.