நம்ம பிள்ளை விழுந்தால் அடி, அவங்க பிள்ளை விழுந்தால் நடிப்பு

போன மாதம் மகளும் மருமகனும் சிரம்பானை அடுத்த ராசாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் பூப்பந்து ஆட்டம் ஓடியது. வர்ணனை சொன்னவர் நம் மலேசிய நாட்டு ஆட்டக்காரர் புள்ளி எடுத்தால் தொண்டை கிழியக் கத்தினார். எதிரி எடுத்தால் எழவுச் செய்தி சொல்வதுபோல் குரலை இறக்கினார். ஒரு பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததை நானே பார்த்தேன். அவர் உள்ளே என்று அடித்துச் சொன்னார்.

"இவரு வர்ணனை சொல்ல வந்தாரா, விசிலடிக்க வந்தாரா?" என்றாள் மகள். "ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா பேச வேணாமா?"

"நம்ம டிவி, நம்ம ஆளு. ஜப்பான்காரனுக்கா கத்துவாரு? சும்மா பாரு லா," என்றார் மருமகன்.

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஏன் போனார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பேச்சு அதோடு நின்றுவிட்டது. எனக்குச் சபையில் பேச வராது. ஆறாம் வகுப்போடு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள் நான். கேட்பதற்கு மட்டும் பழகியவள். சொல்ல வேண்டியதை இப்படி எழுதிவிடுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நான் பிறந்த தோட்டமும் வாழ்க்கைப்பட்ட தோட்டமும் போர்டிக்சன் ஊருக்குப் போகும் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஓர் ஆறுதான். இப்போது இரண்டிலும் நம் ஆட்கள் அதிகம் இல்லை. நாங்கள் ராசாவுக்கு வந்துவிட்டோம், என் தம்பி குடும்பம் லோபாக் பக்கம் போய்விட்டது. ஆனாலும் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோட்டத்து ஆட்களும் காரிலும் மோட்டாரிலும் கிளம்பி வந்து பழைய திடலில் காற்பந்து ஆடுவார்கள். பிள்ளைகள் எந்தத் தாமான் குடியிருப்பில் பிறந்திருந்தாலும் அப்பன் தோட்டத்துக்குத்தான் ஆட வேண்டும். பெண்கள் கட்டிக்கொண்ட தோட்டத்தின் பக்கம்தான் உட்கார வேண்டும். எழுதாத சட்டம் அது.

மைக் பிடிப்பவர் என் வீட்டுக்காரர். லோரி ஓட்டிய காலத்திலிருந்து அவர்தான். கோயிலிலிருந்து இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் வாங்கி வந்து மரத்தில் கட்டுவார்கள். வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனிதர் மைக்கைக் கையில் வாங்கியதும் வேறு ஆளாகிவிடுவார். நம்ம பையன் அடித்த பந்து வெளியே போனால், "காத்து தள்ளிருச்சுங்க, என்ன செய்யிறது!" என்பார். எதிர்ப்பக்கத்துப் பையன் அதையே செய்தால், "சிரம்பான் கண்ணாஸ்பத்திரிக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்பார். நம்ம பிள்ளை விழுந்தால் அடி. அவங்க பிள்ளை விழுந்தால் நடிப்பு. திடலே சிரிக்கும், எதிர்ப்பக்கத்து ஆட்களும் சேர்ந்துதான் சிரிப்பார்கள். அதைக் கேட்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

அவர் அதிகமாகக் கேலி செய்தது என் தம்பி மகனை. கேலி செய்ய உரிமையுள்ள உறவு. அவன் என்னை அத்தை என்பான், அவரை மாமா என்பான். போர்டிக்சனில் வேலை பார்த்தான். முப்பது வயது ஆகவில்லை. நல்ல உயரம், பந்தை வாங்கினால் ஓட்டத்தில் யாரும் பிடிக்க முடியாது. மாமன் மைக்கில் சீண்டினால் அவன் திடலிலிருந்தே பதில் கொடுப்பான். ஒரு வருஷம் யாரோ லேசாக இடித்ததும் மல்லாந்து படுத்துக் காலை ஆட்டினான். "மாப்ள, ஒங்கப்பன் தூக்கிட்டுப் போக மாட்டாரு, எந்திரி!" என்று இவர் சொல்ல, அவன் படுத்தபடியே இவரைப் பார்த்துக் கும்பிட்டான். அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் என் பிறந்த தோட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தது. இரண்டாம் பாதி. நல்ல வெயில். பந்து எங்கோ நடுத்திடலில் இருந்தது. மூலைக்கொடிப் பக்கமாக மெதுவாக நடந்துகொண்டிருந்த தம்பி மகன் விழுந்தான். யாரும் அவன்மேல் படவில்லை.

நான் பார்த்தேன். நடிக்கிறவன் கையை ஊன்றித்தான் விழுவான், எந்தப் பிள்ளையும் அப்படித்தான் விழும். இவன் கை இரண்டும் தொங்கியபடி, வெட்டிய மரம்போல் முகம் தரையில் பட விழுந்தான். ஒரு கால் அடியில் மடங்கிக் கிடந்தது. அதை அவன் நீட்டிக்கொள்ளவில்லை.

"ஐயையோ, மாப்ள படுத்துட்டாருங்க!" என்றது குழாய். "ஒரு கோல் கூட இருக்குல்ல, நேரத்த ஓட்டுறாரு. அடேய், யாராச்சும் பாய் தலகாணி கொண்டாங்கடா! காலையில பசியாற எதாச்சும் கொண்டுபோய் எழுப்பலாம்!"

சிரிப்பு எழுந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காருங்கக்கா! பொறந்த வீட்டுப் பாசம் பொங்கிருச்சு பாரு!"

"போன வருசமும் இப்படித்தான் படுத்தான், திருட்டுப் பய," என்றாள் இன்னொருத்தி.

நான் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம்தான். இத்தனை பேர் நடுவில் நான் கத்தினால், கட்டிக்கொண்ட தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பிறந்த தோட்டத்துக்குக் கத்துகிறாள் என்பார்கள். நான் பார்த்தது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மைக்கில் பேசுகிறவருக்குத் தெரியாதா? அவர் உயரமான மேசை மேல் நிற்கிறார். அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது?

இரண்டு நிமிஷமா, மூன்றா? குழாய் பேசிக்கொண்டே இருந்தது. நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, எழுந்திரு என்று தூரத்திலிருந்தே கை காட்டினார். அவனுடைய கூட்டாளிகள்கூடக் கிட்டே போகவில்லை, அவன் நேரத்தை ஓட்டுவதாக நினைத்து இடுப்பில் கைவைத்து நின்றார்கள். கடைசியில் அவர்களில் ஒருவன் போய்ப் புரட்டிப் பார்த்தான். அவன் போட்ட சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது.

வேனில் தூக்கிப் போட்டுச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் சேரும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். இருதயமாம். விழுந்ததுமே நெஞ்சை அழுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றாராம் டாக்டர். அந்த இரண்டு வார்த்தையும் எங்கள் எல்லாருடைய தூக்கத்தையும் பறித்துவிட்டன.

தம்பி யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "மைக் புடிச்ச கை எம்மவனத் தொட வேணாம்," என்று மட்டும் சொல்லி அனுப்பினான். என் வீட்டுக்காரர் தம்பி வீட்டுச் சந்து முனையில் காரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன். சடங்கெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நீ அங்கதான இருந்த. அத்தன பேர்ல ஒருத்தர்கூடவா பாக்கல?"

"வெயிலு கண்ணுல அடிச்சுச்சு தம்பி," என்றேன்.

அந்தப் பொய்தான் எனக்குத் தம்பி வீட்டுக் கதவைத் திறந்து வைத்தது. ஒரு வருஷம் போய் வந்தேன். தம்பி பெண்டாட்டிக்குத் துணி மடித்துக் கொடுத்தேன், சமைத்துக் கொடுத்தேன். என்னை யாரும் குறை சொல்லவில்லை. பழி முழுவதும் மைக்குக்கே போய்ச் சேர்ந்தது. ராசா கடைத்தெருவில் என் வீட்டுக்காரரைக் கண்டால் பழைய தோட்டத்து ஆட்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அவரோடு சிரித்தவர்கள்தான் அவர்களும். அவர் யாரிடமும் வாதாடவில்லை. நான் தம்பி வீட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், "என்னக் கேட்டானா?" என்று மட்டும் கேட்பார். "கேக்கலங்க," என்பேன்.

டிவியில் கத்துகிறவர்களைப் பற்றி மகள் கேட்டதற்கு என் பதில் இதுதான். ஆசையை மறைத்துக்கொண்டு மரக்கட்டையாகப் பேசச் சொல்ல மாட்டேன். தன் நாடு தோற்கும்போது குரல் உடைகிறவன் மனுஷன்தான். ஆனால் மைக் பிடிக்கிறவன் தன் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, கேட்கிறவர்கள் கண்ணையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்கிறான். ஐந்நூறு பேர் அன்றைக்கு எங்கள் கண்ணை அவரிடம் கொடுத்திருந்தோம். அவர் கேட்டு வாங்கவில்லை. நாங்களாகத்தான் கொடுத்தோம். நான் ஒருத்தி கொடுக்காமல் வைத்திருந்தேன், வைத்திருந்தும் பிரயோஜனமில்லை.

வருஷத் திதிக்குப் போனபோது தம்பியிடம் சொல்லிவிட்டேன். படையல் எடுத்தபிறகு, கொல்லைப்புறத்தில். கையை ஊன்றாமல் விழுந்தான், நான் எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதான் சொல்ல இருந்தது. தம்பி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தான்.

"மச்சானுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"போய் அவருகிட்ட சொல்லு. இனிமே இங்க வராத அக்கா."

பஸ்ஸில் திரும்பி வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக் கேட்டானா?"

"கேட்டான்," என்றேன். அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தில் வந்த ஆசையைப் பார்த்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

வெகுநேரம் அவர் நகவெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நீ எனக்கு நேரா தான ஒக்காந்திருந்த," என்றார்.

"ஆமாங்க."

"ஒன் தோட்டத்து ஆளுங்களக் கேலி பண்ணும்போதெல்லாம் நான் ஒன்னப் பாத்துதான் பேசுவேன். நீ சிரிக்கிறியான்னு. அன்னைக்கும் பாத்தேன். கத்தக்கூட வேணாம், கைய அசச்சிருந்தா நிறுத்தியிருப்பேன்."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் மைக்கில் என் ஆட்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வெட்கத்தில் நான் தலை குனிந்துகொள்வேன். அன்றைக்கும், சேலையைப் பிடித்து இழுத்து என்னை உட்காரவைத்த பிறகு, குனிந்துதான் இருந்தேன்.