பாதி சிவப்பு, பாதி வெள்ளை

சிவப்பு மெழுகும் வெள்ளை மெழுகும் சுழலும் தட்டின் விளிம்பில் சந்தித்துச் சிதறினால், பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாக மணலளவு உருண்டைகள் பிறக்கும். அவற்றைச் செய்வதுதான் என் தொழில். ரப்பர் தாளொன்றில் பதித்து மின்சாரம் கொடுத்தால் அவை புரண்டு எழுத்துகளாகும். வவுனியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. பஸ் போகும் ஊரைக் காட்டும் எங்கள் பெயர்ப்பலகையைப் பஸ் நிலையத்தில் ஏற்றுக்கொண்டால்தான் வேலை நீளும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். தற்காலிக வேலையில் இருப்பவர்களே, என் நிலை உங்களுக்கு விளங்கும்.

அம்மாவின் பரிசோதனை

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். ஊருக்கு, பூநகரிக்குப் போனபோது ஒரு சின்னப் போத்தலில் உருண்டைகளைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அவா மூடியைத் திறந்து மணந்து பார்த்தா.

"மிளகாய்த்தூளெண்டா தும்மலாவது வந்திருக்கும். இதுக்கோ பிள்ளை நாலு வருசம் படிச்சனி?"

விசிறி

பலகைக்கான உருண்டைகளைச் செய்த அன்று வெக்கை தாங்கவில்லை. மேசை விசிறியைப் போட்டேன். தட்டின் மேற்பக்கத்தில் காற்று பட்டு, அங்கிருந்த வெள்ளை மெழுகு தடித்துவிட்டது. இளகியிருந்த சிவப்பு அதைச் சுற்றி மூடிக்கொண்டது. உருண்டைகள் முழுச் சிவப்பு. அவை எப்படிப் புரண்டாலும் எழுத்து வராது.

சாயம் சரியில்லை என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். குறிப்பேட்டில் "விசிறியைப் போட்டது என் பிழை" என்று எழுதினேன். வேலை போனதென்றே நினைத்தேன். அதை வாசித்த எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் செல்வண்ணை, மறுபடி உருக்க மெழுகை எடுத்தபடி சொன்னார்:

"அழாதையும் தங்கச்சி. விசிறியை என்ர பக்கம் திருப்பியிருந்தா ஒரு பிழையும் வந்திராது."

நெடுங்கேணி

இரண்டாம் முறை செய்த உருண்டைகள் சரியாக வந்தன. பஸ் நிலையத்தில் பலகையைப் பூட்டி, "நெடுங்கேணி" என்று வரவைத்தோம். சற்று நேரத்தில் கரண்ட் போனது. மற்ற மின்பலகைகளெல்லாம் இருண்டன. எங்களுடையது மட்டும் அப்படியே நின்றது. ஒருமுறை புரண்ட உருண்டைக்கு அப்படியே கிடக்க மின்சாரம் வேண்டாம். நான் பெருமூச்சு விடுவதற்குள் நெடுங்கேணி பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. பெயர் போகவில்லை. அதை நம்பி நாலைந்து பேர் பைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

பஸ்களை நேரத்துக்கு அனுப்பும் நேரக்காப்பாளர் என்னைப் பார்த்தார். "கரண்ட் இல்லாமல் எழுத்தை மாத்தேலாது ஐயா. பற்றரி ஒண்டு கொண்டு வந்திருக்கவேணும், நான் யோசிக்கேல்லை," என்று உண்மையைச் சொன்னேன். அவர் வரிசையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அடுத்த பஸ்ஸும் நெடுங்கேணிக்குத்தானே பிள்ளை, நிக்கட்டும். பலகையைக் கழட்டாதேங்கோ, நாளைக்குப் பற்றரியோட வாங்கோ."

வேலை இன்னும் ஆறு மாதம் நீண்டிருக்கிறது. விசிறி இப்போது செல்வண்ணையின் பக்கம் திரும்பியிருக்கிறது, வியர்ப்பது நான்தான்.