கீழே வைத்த கத்தி

கத்தி செய்து பழகுகிறவன் முதலில் தெரிந்துகொள்வது, ஊரில் யாருக்கும் கத்தி தேவைப்படவில்லை என்பதைத்தான். வீட்டுக்கு வீடு அரிவாள்மனை இருக்கிறது. இளநீர்க்காரரிடம் அரிவாள் இருக்கிறது. பென்சில் சீவ பிளேடு இருக்கிறது. அப்படியிருந்தும் அறுபதுகளின் கடைசியில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு மூடத் தெரியாமல் விழிக்கிறவர்கள், தபால்தலை ஒட்டி ஒட்டி வீட்டில் பேச்சு வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைப் படிக்கலாம். நாமெல்லாம் ஒரே கட்சி.

காரைக்குடியில் ஒரு பஸ் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். நாள் முழுக்க யாரோ செய்த நட்டையும் போல்ட்டையும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. என் கையால் உருப்படியாக ஒரு பொருள் செய்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஒர்க்‌ஷாப் மூலையில் பஸ்ஸின் ஒடிந்த ஸ்பிரிங் பட்டைகள் கிடந்தன. போர்மேன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக் கொல்லையில் மாடு இல்லாத மாட்டுக் கொட்டகை ஒன்று சும்மா இருந்தது. நாலு செங்கல் வைத்து உலை போட்டேன். ஈயம் பூசுகிறவர் ஒருவர் கழித்துப் போட்ட துருத்தியை வாங்கிக்கொண்டேன்.

ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. என் மனைவி பஞ்சவர்ணம் என் கத்தியைக் கையில் எடுத்து ஒரு கத்தரிக்காயாவது நறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

வாளித் தண்ணீர்

மூன்று ஞாயிற்றுக்கிழமை அடித்தபின் கத்தி மாதிரி ஒன்று உருவானது. சிவக்கக் காய்ச்சினேன். பட்டறையில் இரும்பைத் தண்ணீரில் முக்குவதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, நானும் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் முக்கினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் குறுக்கே தலைமுடி போல ஒரு விரிசல். மூன்று ஞாயிறும் அந்தச் சத்தத்தோடு போயிற்று.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சுப்பையா ஆசாரி கொல்லுப்பட்டறை வைத்திருந்தான். விரிசல் விட்டதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் துருத்தி இழுத்துக்கொண்டிருந்த ஆளும் சேர்ந்துகொண்டான். பிறகு சொன்னான்: "பட்டை இரும்பத் தண்ணியில போட்டா வெடிக்காம என்ன செய்யும்? எண்ணெயில போடு. இம்புட்டுத்தான் சொல்லுவேன். மிச்சத்தையும் சொல்லிட்டா நாளைக்கு நீ எதுத்தாப்புல பட்டறை போட்டுருவ."

நல்லெண்ணெய்

எண்ணெய் என்றால் எனக்குத் தெரிந்த எண்ணெய் அடுக்களையில்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூக்குவாளியோடு கொட்டகைக்குக் கடத்தினேன். பழுக்கக் காய்ந்த இரும்பை உள்ளே விட்டதும் குப்பென்று தீ எழும்பி, என் இடது புருவத்தில் பாதியைக் கொண்டுபோனது. ஆனால் கத்தி வெடிக்கவில்லை. அரத்தை வைத்து ராவிப் பார்த்தேன். அரம் கடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. இரும்பு இறுகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு வந்த சந்தோஷத்தில் புருவம் எரிந்ததுகூடத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்துவிட வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்வார். அன்று ராத்திரியே அவசரமாகக் கைப்பிடி போட்டு, கத்தியைப் பஞ்சவர்ணத்தின் முன்னால் தரையில் வைத்தேன். அவள் அரிவாள்மனைப் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைப் பார்த்தாள், என் புருவத்தைப் பார்த்தாள், காலித் தூக்குவாளியைப் பார்த்தாள். "கத்திக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டியாச்சு. நாளைக்குச் சனிக்கிழமை, மனுசரு எதைத் தேச்சுக் குளிப்பீக?"

ஆட்டுக்குத் தெரியக் கூடாது

இரண்டு நாள் கத்தி அங்கேயே கிடந்தது. அவள் அதைச் சுற்றிப் பெருக்கினாள். மூன்றாம் நாள் நானே எடுத்து ஆணியில் மாட்டினேன். வீட்டில் எடுபடாத சரக்கை வெளியில் காட்டலாம் என்று, அடுத்து செய்த கத்தியைத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிக் கறிக்கடை காதர் பாயிடம் கொண்டுபோனேன். அவர் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தை வைத்து, கூரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மெதுவாக ஓட்டினார். நடுவில் ஓர் இடத்தில் நகம் நின்றது. மறுபடி ஓட்டினார், அதே இடத்தில் நின்றது. நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நகம் தட்டுகிற கத்தியை அறுப்புக்கு எடுக்கவே மாட்டோம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்; அவரும் கையில் கொடுக்கவில்லை, கட்டை மேல் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. பத்து நாள் உழைப்பு பாய், எப்படி மின்னுகிறது பாருங்கள் என்றேன். அவர் சாந்தமாகத்தான் சொன்னார்: "மின்னுறது ஒங்களுக்கு, தம்பி. அறுபடுற ஆட்டுக்கு அது தெரியப் போறதில்ல, நகம் தட்டுற இந்தப் பொறுக்குத்தான் தெரியும்."

பேர் ஏறாத சாமான்

எண்ணெயில் தோய்த்ததை மறுபடி லேசாக வாட்டி, இரும்பில் வைக்கோல் நிறம் வரும்போது நிறுத்தினால்தான் கூர் உதிராது என்பதை நானாகவே கண்டுபிடிக்க ஆறு கத்தி செலவானது. ஏழாவது கத்தி நன்றாக வந்தது. இடித்த வீட்டுக் கதவின் பர்மாத் தேக்குத் துண்டில் கைப்பிடி போட்டேன். அதைக் காட்டிப் பீற்றிக்கொள்ள பாத்திரக்கடைக்குப் போனேன். அங்கே வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொடுக்கும் முருகேசன் எனக்குச் சிநேகிதன். பக்கத்துக் கானாடுகாத்தானிலிருந்து ஆச்சி ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வந்திருந்தார். கரண்டி முதல் அண்டா வரைக்கும் எல்லாவற்றிலும் வீட்டுப் பெயரின் முதலெழுத்து வெட்டியாக வேண்டும் அவர்களுக்கு. என் கத்தியைப் பார்த்தவர், "சீர்ச் சாமானோட இதையும் வைப்போமே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முருகேசன் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினான். உளி வழுக்கியது. ஓங்கித் தட்டினான். உளிமுனை ஒடிந்து தெறித்தது, கத்தியில் கீறல்கூட இல்லை. "அண்ணே, இன்னொரு உளிய ஒடிக்க எனக்கு வசதி பத்தாது" என்று கையை விரித்தான். நான் செய்ததிலேயே சிறந்த கத்தி அது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். ஆச்சிக்கு அந்தச் சான்றால் ஒரு பிரயோசனமும் இல்லை. "பேரு ஏறாத சாமான் நாளைக்கு யாரு வீட்டுதுன்னு தெரியாமக் காணாமப் போயிரும். நல்ல கத்திதான், நீங்களே வச்சுக்கிருங்க."

பதினொன்று

கொட்டகைச் சுவரில் பதினொரு கத்தி தொங்கிய சமயம், ஸ்டோர்காரர் வீட்டில் பட்டாக்கத்தி தயாராகிறது என்று யாரோ சொல்லி, ஒரு ஏட்டு விசாரிக்க வந்தார். நல்ல மனிதர். சாவகாசமாகக் கத்திகளைப் பார்த்துவிட்டு, இத்தனையும் எதற்கு என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். "சும்மாதான்" என்றேன். சந்தேகம் வர அந்த ஒரு சொல் போதும். ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தபோது, அடுக்களையிலிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது: "ஐயா, அவுகளக் கூட்டிட்டுப் போறதுன்னா கத்தியவும் சேத்துக் கொண்டு போயிருங்க. ஒண்ண விட்டு ஒண்ணு இருக்காது."

மாவுக்கட்டு

அந்த ஐப்பசி மழையில் பஞ்சவர்ணம் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று மாதம் தரையில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். எங்கள் அடுக்களையே தரையில்தான் இருந்தது. அடுப்பு தரையில், அம்மி தரையில், அரிவாள்மனை தரையில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனேன். கத்தரிக்காயை என் கத்திகொண்டுதான் நறுக்கினேன். ஆனால் நறுக்கியது நான் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. துண்டுகள் கட்டை கட்டையாக விழுந்தன. வேறு சமயமாக இருந்தால் ஒரு துண்டுக்கு மூன்று வார்த்தை சொல்லியிருப்பாள். இப்போது நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டாள். அவள் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. திட்டு வாங்காத வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில், "அந்தக் கத்தியெல்லாம் கொண்டாங்க பாப்போம். இப்பிடியே ஒக்காந்திருந்தா நானும் நாக்காலியும் ஒண்ணாயிருவோம்" என்றாள். பதினொன்றையும் மேசை மேல் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் திரும்ப வைத்தாள். கடைசியில் ஏழாவது கத்தியை எடுத்து ஒரு வெங்காயத்தில் அழுத்தினாள். தேக்குப் பிடி பெருத்து, சுற்றிப் பிடித்த அவள் விரல் நுனி கட்டைவிரலைத் தொடவில்லை. கத்தி கைக்குள் திரும்பி, நழுவி மேசையில் விழுந்தது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏங்க, அஞ்சு வருசமாக் கத்தி அடிக்கிறீக. ஒரு நாளாச்சும் என் கைய அளந்து பாத்திருக்கீகளா?"

நூல்

பூக்கட்டுகிற நூலை எடுத்து அளந்தேன். உள்ளங்கை அகலம், விரல் நீளம், மடக்கினால் நடுவில் விழும் இடைவெளி. கட்டைவிரல் அடியில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. எப்போது என்று கேட்டேன். "கல்யாணமாகி வந்த வருசம்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மின்னுவது உங்களுக்கு என்று காதர் பாய் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகக் கேட்டது.

புதிய பட்டை கிடைக்கவில்லை. கழிவு இரும்பையெல்லாம் கம்பெனி ஏலத்தில் விட்டிருந்தது. சுவரைப் பார்த்தேன். இருந்ததில் நல்ல இரும்பு எதுவென்று எனக்குத் தெரியும். முருகேசனின் உளியை ஒடித்த அந்த ஏழாவது கத்தியைப் பிடி கழற்றி உலைக்குள் தள்ளினேன். சிவந்ததும் சாம்பலில் புதைத்து ஆறவிட்டேன். இறுக்கமெல்லாம் போய்ச் சாதுவாகிவிட்டது. நாலு விரல் நீளம் அறுத்து எறிந்தேன். மனசு வலிக்கத்தான் செய்தது. முதுகை மெலிதாக்கி, பிடியைச் சீவி, பிடியின் கழுத்தில் வளையமாகப் பித்தளைப் பூண் ஒன்று மாட்டினேன். ஒவ்வொரு நாளும் அவள் கையில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இங்குட்டுக் கொஞ்சம் என்று அவள் சொல்லச் சொல்ல ராவினேன். கடைசியில் பிடியைக் கழற்றி, இரும்பை மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்து வாட்டி, பிடியைத் திரும்ப மாட்டினேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எண்ணெய் எடுத்தேன். கூர் தீட்டி, நகத்தை ஓட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில் கீழே வைக்கக் குனிந்தேன். பஞ்சவர்ணம் கையை நீட்டினாள். "கையிலயே குடுங்க. சண்டை வந்தா வந்துட்டுப் போகுது, நமக்கென்ன புதுசா?"

ஓர் எழுத்து

அன்றைக்கு அந்தக் கத்தியால் அவள் அரிந்த கத்தரிக்காயில் வைத்த புளிக்குழம்பை நான் மறக்கவில்லை. தைமாசம் கட்டுப் பிரித்தார்கள். மறு வாரமே அவள் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையை இழுத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இரண்டு நாளில் அந்தக் கத்தியும் ஆணியில் இல்லை. யாருக்காவது கொடுத்துவிட்டாளோ என்று தோன்றியது. கேட்கவும் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டோரிலிருந்து வந்தால், கத்தி ஆணியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரும்பில் ஒன்றுமில்லை. பித்தளைப் பூணில், முருகேசனின் கையெழுத்தில், பொடியாக 'ப' என்று வெட்டியிருந்தது. லேசாக நொண்டிக்கொண்டு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "பேரு ஏறாத சாமான் காணாமப் போயிரும்னு ஆச்சி சொன்னதா நீங்கதான வந்து சொன்னீக. அதுதான் நானே கொண்டுபோய் வெட்டிட்டு வந்துட்டேன், இனி யாரும் தொடக் கூடாது, நீங்க உட்பட."

பதினொன்றை என் கைக்கும், அதிலேயே ஒன்றை மறுபடி அவள் கைக்குமாகச் செய்து முடித்த இந்தப் பொழுதுபோக்கில், நான் வெட்டாத அந்த ஓர் எழுத்துதான் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சிப் பத்திரம்.