குடத்துக்குள் கிடந்த கல்

கங்கம்மாவிடம் அடி வாங்காதவர்கள் அந்தக் காலனியில் குறைவு. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனிகளுக்குப் பின்னால், புகைக்கரி படிந்த வீடுகள். கோடை வந்தால் குழாய் வெறும் காற்றைத்தான் கக்கும். பிறகு லாரித் தண்ணீர்தான். லாரி நிற்கிற இடத்தில் கங்கம்மா, குறுக்கே புகுந்த ஒருத்தியின் கொண்டையைப் பிடித்துச் சேற்றில் உருட்டியிருக்கிறாள். "பொம்பளதானே" என்று தள்ளிவிட்ட மீசைக்காரனுக்கு மூக்கில் விட்ட குத்தில் அவன் சட்டையெல்லாம் ரத்தம். இவள் உதடு கிழிந்த நாளும் உண்டு. கிழிந்த உதட்டோடு குடத்தைத் தூக்கி வந்து, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

புருஷன் ஆதிகேசவன் லாரி டிரைவர். ஆந்திரா பக்கம் லோடு ஏற்றிப் போனால் திரும்புவது எப்போது என்று அவனுக்கே தெரியாது. இவள் பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங். ஒரே மகள் பூமிகா, ஆறாவது முடித்திருந்தாள். மகள் தன்னை மாதிரி ஆகிவிடக் கூடாது, கை ஓங்காமல் பேசியே காரியம் சாதிக்கிறவளாக வரவேண்டும் என்பதுதான் கங்கம்மாவின் ஒரே ஆசை. ஆனால் அதை எப்படிச் சொல்லித் தருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைத்தான் சொல்லித் தந்தாள்.

லீவு விட்ட அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"லீவுன்னு ஏரியில போய் வுழறது, ரயிலு மேல கல்லு வுடறது, அந்த வேலையெல்லாம் வாணாம். இந்த லீவு பூரா தண்ணி உன் பொறுப்பு. இன்னா?"

அந்தக் காலனியில் வரிசையில் குடம் இருந்தால் ஆள் நிற்பதாகக் கணக்கு. காலையில் குடத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். லாரி வரும் நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லீவில் அந்த ஆள் பிள்ளைகள். ஆனால் ரோட்டில் டிரெய்லர் வண்டிகள் போகிற வேகத்துக்குக் காலிக் குடங்கள் உருண்டு ஓடிவிடும்.

"கொடத்துல கல்லு போட்டு வையி. உருண்டுச்சுன்னா எடம் போச்சு."

"யாராச்சும் நம்ம கொடத்த நவுத்துனா?"

"வாயால சொல்லு. கேக்கலியா, கொடத்தாலயே ஒண்ணு போடு. பிளாஸ்டிக்குதானே, சத்தந்தான் வரும், காயம் வராது. அழுதுக்கினு மட்டும் ஊட்டுக்கு வராத. வந்தின்னா நானே ரெண்டு போடுவேன்."

பூமிகா பொறுப்பாகத்தான் இருந்தாள். வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு குடங்களுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். கம்பெனி பஸ்ஸில் கங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பொண்ணு ரெண்டு ஆளு வேல பாக்கறா" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது லாரி நிற்கிற இடத்தில் கூட்டம் கலையாமல் நின்றது. மண்ணில் ரத்தம், அதன்மேல் ஈ. பக்கத்து வீட்டு மணியம்மாள் ஓடிவந்தாள்.

"பூமிகா அந்த ஜெனிபரு பொண்ணு மண்டைய ஒடச்சிட்டாடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க."

அதே காலனியில் இருக்கும் ஜெனிபரின் மகள் பிரின்சி பூமிகாவோடு படிப்பவள். விளையாடப் போய்விட்டுத் திரும்பியவள், லாரி வந்தபோது பக்கத்தில் ஆள் இல்லாததால் தன் குடம் பின்னால் தள்ளப்பட்டிருப்பதைப் பார்த்து, பூமிகாவின் குடத்தை உதைத்துவிட்டு முன்னால் வந்திருக்கிறாள். "உங்கம்மா ரவுடி, நீ குட்டி ரவுடியாடி?" என்றிருக்கிறாள். பூமிகா குடத்தை எடுத்து வீசினாள். உள்ளே கல் இருப்பது அந்த நேரத்தில் அவள் நினைவில் இல்லை.

பூமிகா வாசலில் நிரம்பிய குடங்களுக்கு நடுவே நின்றிருந்தாள். பாவாடையில் ரத்தத் தெறிப்பு. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"தண்ணியெல்லாம் புடிச்சிட்டேம்மா. ஒரு கொடந்தான் ஒடைஞ்சிட்ச்சி," என்றாள். "நீ சொன்ன மாதிரி வாயாலதான் மொதல்ல சொன்னேன். அவ கேக்கல. நான் அழவே இல்லம்மா."

அறைய ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. காலடியில் விரிசல் விட்ட குடம். விரிசல் வழியே கல் தெரிந்தது.

அப்போது ஆட்டோ வந்து நின்றது. ஜெனிபர் இறங்கினாள். தோளில் பிரின்சி, தலை முழுக்கக் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பிள்ளையை மணியம்மாளிடம் கொடுத்தாள். தன் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புப் பைப்பை எடுத்துக்கொண்டு நேராக வந்தாள். முதல் அடி கங்கம்மாவின் தோளில் விழுந்தது.

கங்கம்மா திருப்பி அடிக்கப்போகிறாள் என்று கூட்டம் பின்வாங்கியது. அவள் அசையவில்லை.

"ஓங்குடி கைய!" ஜெனிபரின் குரல் கிழிந்தது. "தெருவையே அடிச்சவ இல்ல நீ? ஓங்குடி!"

"ஓங்க மாட்டேன் ஜெனி. நீ அடி."

இரண்டாவது அடியில் முழங்கையில் எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கங்கம்மா மண்டியிட்டாள். பூமிகா விரிசல் விட்ட குடத்தைக் கல்லோடு தூக்கிக்கொண்டு ஜெனிபரின் தலையைக் குறிவைத்து ஓடிவந்தாள். கங்கம்மா குறுக்கே பாய்ந்து மகளை நல்ல கையால் மார்போடு சேர்த்து அமுக்கினாள். வீசிய குடம் அவள் முதுகில் மோதியது.

"கீழ வையி."

"அவங்க உன்ன அடிக்கிறாங்கம்மா!"

"அடிக்கட்டும். கல்லு போடச் சொன்னதும் நானு, கொடத்தால அடிக்கச் சொன்னதும் நானு. இது எனக்கு வர்ற அடிதான். கீழ வையிடி, என் ராசாத்தி."

குடம் விழுந்தது. அதற்கப்புறம்தான் பூமிகா அழுதாள். ஜெனிபரின் கையிலிருந்த பைப்பும் தானாகத் தாழ்ந்தது.

அடுத்த முறை லாரி வருவதற்கு முன், வரிசையில் பின்னால் இருந்த பிரின்சி வீட்டுக் குடங்களை எடுத்துத் தன் குடங்களுக்கு முன்னால் வைத்தாள் பூமிகா. யாரும் சொல்லித் தரவில்லை. கங்கம்மா கையில் மாவுக்கட்டோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி வந்ததும் சின்னதுரை என்ற வளர்ந்த பையன் பிரின்சியின் குடத்தை எட்டி உதைத்தான்.

"இன்னா குட்டி ரவுடி, இன்னிக்கி அடிக்க மாட்டியா?"

பூமிகாவின் விரல்கள் குடத்தின் கழுத்தை இறுக்கின. பிறகு தளர்ந்தன. உருண்ட குடத்தை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இது பிரின்சி எடம். நான் நவுர மாட்டேன்."

அவன் அவள் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் கத்தினாள், குடத்தை விடவில்லை.

கங்கம்மாவின் நல்ல கை உயர்ந்தது. காலும் ஒரு எட்டு முன்னே போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், அவ சடைய வுட்றா," என்று வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெனிபரின் குரல்.