பன்னெண்டு சீட்டுக்கு வரி, உள்ளே சாம்பார் அண்டா

எங்கள் தொழிலில் வண்டி ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதன் பேப்பர் ஓடுகிறதா என்றுதான் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டயர் கடைக்கு மேலே என் ஆபீஸ். வரி, பெர்மிட், எஃப்.சி., பெயர் மாற்றம் என்று எதற்கு வந்தாலும் நானே ஃபாரம் நிரப்பி, நானே அலைந்து, நடுவில் நானே திட்டும் வாங்குவேன். இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. நடுரோட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னதும் டாஷ்போர்டைக் குடைந்து, போன வருஷத்து ரசீதை நீட்டிவிட்டு முழித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். உட்காருங்கள், சொல்கிறேன்.

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. "ராஜி மேடம்கிட்ட காலையில போகாதே, காபி குடிச்சப்புறம் போ" என்று கீழே டயர் கடையிலேயே சொல்லி அனுப்புவார்கள். காபி குடித்தாலும் அப்படித்தான் இருப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கடலுக்கும் ரோடு வரி

ஒரகடத்தில் ஒரு கம்பெனி. அங்கே அட்மின் பார்க்கிறவர் பிரகாஷ். டைரக்டர் டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதிலிருந்து லேபர் ஹாஸ்டலில் யாருக்குச் சாப்பாடு போகிறது என்பதுவரை அவர் தலையில்தான். அந்த டைரக்டர் வெளிநாட்டிலிருந்து ஒரு காரைக் கப்பலில் இறக்கினார். டெம்பரரி நம்பரில் கார் வந்துவிட்டது. ஆயுள் வரி கட்டினால்தான் நிரந்தர நம்பர். பிரகாஷ் ஒரு பில்லைக் கொண்டுவந்து போட்டார். கார் விலை மட்டும் இருந்தது. கப்பல் செலவும் கஸ்டம்ஸ் கட்டிய பேப்பரும் எங்கே என்று கேட்டேன். "அது எதுக்கு மேடம்?" என்றார்.

அதற்கும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள் என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. வெளிநாட்டுக் காரென்றால் இங்கே வந்து சேர்ந்த மொத்த விலைதான் விலை. மனுஷன் கேட்கிறதாயில்லை. வரிக்கு மேல் வரியா என்கிறார். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான், ஆனால் விதியை எழுதியது நானா? நாட்கள் போகின்றன, டெம்பரரி நம்பருக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு சார், சண்டையை அப்புறம் போடலாம், முதலில் கட்டுங்கள் என்று கத்தினேன். ஃபைலை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்:

"கப்பல்ல வந்ததுக்கும் ரோடு வரின்றீங்களே மேடம், கடல்ல எந்த எடத்துல ரோடு போட்டு வச்சிருக்காங்க, அதைக் காட்டச் சொல்லுங்க, கட்டறேன்."

டிவி எதிரே ஒரு வரிசை

சேரப்பணஞ்சேரி செல்வி சொந்தமாக வேன் வைத்து, தானே ஓட்டுகிறவள். டிரைவர் போகப் பன்னிரண்டு சீட். புருஷன் ஃபேக்டரியில் லைனில் நிற்கிறார். முதலில் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனிகள் பெரிய பஸ்ஸுக்குப் போனதும் வேன் சும்மா நின்றது. செல்வி அழுதுகொண்டு உட்காரவில்லை. நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டு இட்லி அவிக்க ஆரம்பித்தாள். பிரகாஷ் பார்த்துக்கொள்ளும் அந்த லேபர் ஹாஸ்டலுக்குத் தினமும் காலைச் சாப்பாடு கொடுக்கும் காண்ட்ராக்ட் கிடைத்தது. வேன் டியூவும் பொண்ணு காலேஜும் அந்த இட்லியில்தான் நடக்கிறது.

அண்டா வைக்க இடம் வேண்டுமே! பின்னாடி ரெண்டு வரிசை சீட்டைக் கழற்றலாமா என்று என்னிடம்தான் வந்து கேட்டாள். அன்றைக்கு என் மேஜையில் பிரகாஷின் கப்பல் ஃபைல் விரிந்து கிடந்தது, என் மண்டை சூடாகியிருந்தது. முறைப்படி என்ன சொல்லியிருக்க வேண்டும்? முதலில் மனு, பிறகு அனுமதி, அதற்கப்புறம் ஸ்பானர். ஆர்.சி.யில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் பன்னிரண்டும் உள்ளே இருந்தாக வேண்டும். வரியும் பன்னிரண்டுக்குத்தான், யார் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும். நான் சொன்னது என்ன தெரியுமா? "கழட்டிக்கோ செல்வி, பேப்பர்ல அப்புறம் மாத்திக்கலாம்." இருபத்திரண்டு வருஷம் இதே வேலை பார்க்கிறவள் சொல்கிற பேச்சா இது? இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் சந்தோஷமாகப் போனாள். அடுத்த வாரம் வந்து சொன்னாள்:

"வூட்ல சோபா இல்லன்னு ஒரே நச்சு. இப்ப ஒரு வரிசை டிவிக்கு எதிர்ல கீதுக்கா. மாமியாரு எந்திரிக்கவே மாட்டேன்றாங்க."

யார் போகலாம்

நான் சொன்ன அந்த 'அப்புறம்' வரவேயில்லை. அதற்குள் ஒரு நாள் காலையில் செல்வியிடமிருந்து போன். தண்டலம் பக்கத்தில் செக்கிங், வேனை நிறுத்திவிட்டார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாகன ஆய்வாளர் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சாம்பார் அண்டா, நாலு இட்லிப் பாத்திரம், ஒரு சட்னி வாளி. செல்வி வரி ரசீதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு காலாண்டுகூட அவள் தவறவிட்டதில்லை.

"வரி கட்டியிருக்கு சார், பாருங்க!" என்று நானும் குரலை உயர்த்தினேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆள் ஏற்றுகிற வேனுக்கு ஒரு வரி, சரக்கு வண்டிக்கு வேறு வரி. அனுமதி இல்லாமல் சீட்டைக் கழற்றியது தனித் தப்பு. அபராதம் கட்ட வேண்டும், சீட்டுகளைத் திரும்ப மாட்டிக்கொண்டுவந்து காட்ட வேண்டும், அதுவரை வண்டி இங்கேதான். பாத்திரத்தை மட்டும் இறக்கி வேறு வண்டியில் அனுப்பிக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை, அதனால் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை. ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னது:

"இந்த வண்டியில பன்னெண்டு பேர் போலாம்மா. சாம்பார் போக முடியாது."

அந்தக் காரையும் பாருங்க சார்

ஹாஸ்டலில் சாப்பாடு வரவில்லை என்று பிரகாஷுக்குப் போன் போயிருக்கிறது. வந்தார். எதில் வந்தார்? அந்தக் கப்பல் காரில்! டைரக்டர் ஊரில் இல்லை போலிருக்கிறது. இறங்கியதும் செல்வியை நாலு வார்த்தை கேட்டார்தான், ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும், காரியத்தையும் முடித்தார். அவரே ஒரு லோடு ஆட்டோவுக்குப் போன் போட்டார். "பேப்பர் சரியாகிற வரைக்கும் ரெண்டு வாரம் லோடு ஆட்டோல கொண்டுவா, நான் மேல பேசிக்கிறேன்" என்றார். செல்விக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டியது.

போகிற போக்கில் பிரகாஷ் ஆய்வாளரிடம் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டார். "இவங்களுக்கெல்லாம் ரூல்ஸ்னா இன்னான்னே தெரியாது சார், நாமதான் மேய்க்கணும்." மேய்க்கணுமா? விடியுமுன் எழுந்து உன் ஹாஸ்டலுக்கு இட்லி அவிக்கிறவளை நீ மேய்க்கிறாயா? எனக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறியது. என் கையில் பேனா இருந்தது, அதாலேயே அந்தக் காரைக் காட்டினேன். "சார், ரூல்ஸ் தெரிஞ்ச ஐயா வந்த காரையும் கொஞ்சம் பாருங்க. டெம்பரரி நம்பர் போன மாசமே முடிஞ்சு போச்சு. வரி இன்னும் கட்டல." அந்தத் தேதி என் ஃபைலில் இருந்த தேதி. என்னை நம்பிக் கொடுத்த ஃபைல்.

ஆய்வாளர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பத்து நிமிஷத்தில் வேனுக்குப் பின்னாலேயே காரும் ஓரங்கட்டி நின்றது. டீக்கடையில் நின்றிருந்த நாலு பேர் கைகூடத் தட்டினார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை இருக்கிறதே, ஐயோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரெண்டு இட்லி எடுத்து அங்கேயே நின்று சாப்பிட்டேன். பிரகாஷ் கத்தவில்லை. முகம் கறுத்துப்போய், லோடு ஆட்டோவிலேயே முன்னால் ஏறி உட்கார்ந்தார். போகும்போது கேட்டார்:

"மேடம், நீங்க எனக்கு ஏஜெண்டா, அவருக்கு ஏஜெண்டா?"

மண்ணூரில் மூன்று கஸ்டமர்

வேனை எடுக்க சீட்டு வேண்டும். டிவிக்கு எதிரே இருந்த வரிசை சுலபம். மாமியாரை எழுப்பியதும் கிடைத்துவிட்டது. அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை வேறு விஷயம். இன்னொரு வரிசை? செல்வியின் புருஷன் அதை மண்ணூரில் கூட்டாளியின் சலூனுக்குக் கொடுத்திருக்கிறார். ஸ்பானரோடு போய் நின்றால் மூன்று சீட்டிலும் மூன்று பேர். ஒருத்தர் பேப்பர் படிக்கிறார், ஒருத்தர் தூங்குகிறார், மூன்றாமவர் கிரிக்கெட் பார்க்கிறார்.

"எந்திரிங்க, இது வேன் சீட்டு!" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. இது ஆர்.சி.யில் ஏறிய சீட்டு, இதற்கு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வரி போகிறது, நீங்கள் இங்கே ஓசியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்தவர் முழித்துக்கொண்டார். சீட்டை நாங்களே தூக்கிக்கொண்டு வந்தோம். சலூன்காரர் கத்தரிக்கோலோடு வாசல்வரை வந்தார்:

"எட்த்துனு போங்க. ஆனா ஒண்ணும்மா, வேன்ல இருந்தப்ப இதுல எவனும் குந்தல. எங்கிட்ட வந்தப்புறந்தான் நீங்க கட்ன வரிக்கு ஆளு குந்திகினு கீது."

காலாண்டு

வேன் வெளியே வந்துவிட்டது. சீட்டை முறைப்படி எடுக்க மனு எழுதி வைத்தேன், இந்தத் தடவை அன்றைக்கே. செல்வி கையெழுத்துப் போட வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. நான் போன் பண்ணினால் "பிஸிக்கா" என்றாள். பிரகாஷும் வரவில்லை, காருக்கு வேறு ஏஜெண்டைப் பிடித்து, கப்பல் செலவோடு சேர்த்து முழு வரியையும் கட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அத்தனை மாசம் நான் கத்தியதை வேறொருத்தன் ஒரே நாளில் செய்துவிட்டான். அதற்கும் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன்.

காலாண்டு முடிகிற வாரம் செல்வி படியேறி வந்தாள். வேன் வாசலில் நிற்கிறது, ஓட்டமில்லை, ஆனாலும் பன்னிரண்டு சீட்டுக்கு வரி கட்டியாக வேண்டும். வண்டி ஓடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம். அதையும் அவளுக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். ஹாஸ்டல் என்னாச்சு என்று கேட்டேன். தண்டலத்தில் கார் நின்றதற்கு மறுநாளே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ரெண்டு வாரம் தருகிறேன் என்று சொன்ன பிரகாஷ் போனையே எடுக்கவில்லையாம். "அவனை நான் சும்மா விடப்போறதில்ல செல்வி" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை:

"வாணாம்க்கா, நீ குந்து. அன்னிக்கு அவரு எனக்கு ரெண்டு வாரம் குட்த்துட்டாரு. நீ பேசுனே, நின்னு போச்சு. கோவம் உன்னுது, அண்டா என்னுதுக்கா."

கார் வரி, வேன் வரி, கடல் தாண்டி வந்த வண்டிக்கு வரி என்று ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லும் எனக்கு, என் கோபத்துக்கான வரி செல்வி பேரில் போய் விழும் என்பது மட்டும் இருபத்திரண்டு வருஷத்தில் தெரியாமல் போய்விட்டது.