தப்பான நாலு அணுவும் என் கடைப் பெயரும்

போன வருஷம் மாசி மாதக் கடைசியில், திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் விழாவில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விழுப்புரத்தில் சீரியல் செட் கடை வைத்திருக்கிறேன். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் லைட் கட்டுவதுதான் தொழில். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும் வேலையில் ஆரம்பித்தவன், இன்று சொந்த லாரி, சொந்த குடோன் என்று நிற்கிறேன். சிபாரிசு கிடையாது, அப்பன் சொத்து கிடையாது. எல்லாம் இந்தக் கை. பெருமுக்கல் மலைமேல் நான் கட்டிய லைட்டைக் கீழே ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். பல்பிலேயே அம்மனைக் கண் சிமிட்ட வைத்தவன் நான்.

எங்கள் தொழிலில் உருவம் தப்பாக ஒரு நிமிஷம்கூட எரியக் கூடாது. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு திருவிழாவில் அம்மனுக்கு ஒரு கை எரியவில்லை. ஊரே திரண்டு வந்து லாரியை மறித்தது. கை எரிந்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. அன்றிலிருந்து என் கடையில் ஒரே சட்டம்: தப்பு என்று தெரிந்தால் முதலில் அணை, பிறகு பேசு. ஏனென்றால் ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே என் கடைப் பெயர் எரிகிறது.

அந்தப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் கடைக்கு வந்து, கேட்டிலிருந்து மேடை வரை ஐந்து வளைவு வேண்டும், ஒவ்வொன்றிலும் ஓர் அணு எரிய வேண்டும் என்றார். ஐந்து படமும் கொடுத்தார். கோயிலில் பிள்ளையார், முருகன், அம்மன் என்று வரிசையாகக் கட்டுவதில்லையா, அது மாதிரி ஐந்து வகை அணு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தம்மா என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! முதல் அணு வெறும் கெட்டி உருண்டை; அது சுலபம். இரண்டாவது, தர்பூசணிக்குள் விதை பதிந்த மாதிரி. திண்டிவனத்துக்காரர்களுக்குத் தர்பூசணி தெரியாதா என்று சிவப்பு பல்பு போட்டால், அந்த நிறம் வேண்டாம் என்றார். மூன்றாவதில் நடுவே சின்னதாக ஒரு குமிழ், சுற்றிலும் விதைகள் ஓட வேண்டும்; அந்த விதைக்கு எலக்ட்ரான் என்று பெயராம். நான்காவதில் அதே ஓட்டம், ஆனால் போட்ட வட்டத்தை விட்டு நகரக் கூடாது. ஐந்தாவது படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. வட்டமும் இல்லை, கோடும் இல்லை, ஏதோ புகை மாதிரி இருந்தது.

"இன்னா டீச்சர் இது? அந்த எலக்ட்ரான் எங்கதான் இருக்குது?"

"இங்கதான் இருக்குதுன்னு சொல்ல முடியாதுங்க ஐயா. எங்க இருக்க வாய்ப்பு அதிகம்னுதான் சொல்ல முடியும்."

"எங்க இருக்குன்னே தெரியாத சாமானுக்கு நான் எங்கம்மா பல்பு மாட்டறது?"

பக்கத்தில் என் வயர்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆனாலும் நான் விடுகிற ஆளா? கல்யாண மண்டபக் கூரையில் போடும் பொடி லைட்டை எடுத்து, நடுவில் அடர்த்தியாகவும் வெளியே போகப் போகக் குறைவாகவும் கட்டி, எந்த ஒழுங்கும் இல்லாமல் மின்னி மறையும்படி விட்டேன். டீச்சரே அசந்துபோனார்.

விழா அன்று சாயங்காலம். வந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல, வளைவுக்கு ஒரு மாணவியாக நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வளைவில் நின்ற பெண் கணீரென்று சொன்னாள், "இந்தக் கருத்து தவறு என்று பின்னர் தெரியவந்தது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவதிலும் அதையே சொன்னார்கள். மூன்றாவதிலும், நான்காவதிலும்! அந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேலே என் கடைப் பெயர் ஜொலிக்கிறது.

"டீச்சர், தப்புன்னு தெரிஞ்சேதான் என்னக் கட்டச் சொன்னீங்களா?"

"ஆமாங்க ஐயா. அதாங்க வரலாறு."

"வரலாறாவது ஒண்ணாவது! கீழ என் பேரு எரியுது. பாக்கறவன் என்னையில்ல தப்பாக் கட்டனவன்னு சொல்லுவான்? பேஜாராப் பூடும்மா."

அந்தம்மா சிரித்துவிட்டார். "சீஃப் கெஸ்ட் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிட்டாராங்க. அப்புறம் பேசலாம்" என்று ஆபீஸ் ரூமுக்குள் ஓடினார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. நாலு வளைவிலும் பெயர்ப் பலகையைக் கழற்றச் சொன்னேன். நாலையும் அணைக்கச் சொன்னேன். சரியானது ஒன்று எரிகிறதே, அது போதும்.

பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். இருட்டான நாலு வளைவையும் தாண்டி நேராக ஐந்தாவதுக்கு வந்து நின்றார்கள்.

"இன்னாடி இது, மினுக்கு மினுக்குன்னுது?"

"லூஸ் கனெக்‌ஷன் போல. புள்ளய இழுத்துக்கினு ஓரமா வாக்கா, ஷாக் அடிக்கப் போவுது."

"இதுல பேரு வேற போட்டுக்கினு கீறான் பாரேன்!"

என் காதுபடச் சொன்னார்கள். அங்கே நின்ற மாணவி, "நாம் முன்பு பார்த்த வட்டப் பாதை..." என்று ஆரம்பித்து, இருண்டு கிடந்த நான்காவது வளைவைத் திரும்பிப் பார்த்து, மேலே பேச வராமல் நின்றாள். கண் கலங்கிவிட்டது. ஒரு மாசமாக மனப்பாடம் செய்த பெண்.

டீச்சர் ஓடி வந்தார். "யாருங்க ஆஃப் பண்ணது?"

"நான்தான். சரியானது எரியுதில்ல?"

"ஐயா, அந்த நாலும் இல்லன்னா இது வெறும் மினுக்குங்க. யாருக்குமே புரியாது."

"மொதலாளி, கார் கேட்டாண்ட வந்துடுச்சு. போடட்டா, வாணாமா?" என்றான் வயர்மேன்.

"போட்டுத் தொல!"

நாலும் எரிந்தன. விருந்தாளிக்குப் பின்னால் நானும் மாணவிகள் சொல்வதைக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். முதலில் அணுவைக் கெட்டி உருண்டை என்றார்களாம். அதைவிடச் சின்ன எலக்ட்ரான் உள்ளே இருப்பது தெரிந்ததும் தர்பூசணி ஆக்கினார்களாம். மெல்லிய தங்கத் தகட்டின் மேல் பொடித் துகள்களை அடித்தபோது பெரும்பாலும் ஊடுருவிப் போய்விட, ஒன்றிரண்டு மட்டும் முட்டித் திரும்பி வந்தனவாம். அப்படியானால் கனமெல்லாம் நடுவில் ஒரு புள்ளியில்தான், மிச்சம் வெற்றிடம், அதில்தான் எலக்ட்ரான் சுற்றுகிறது. அப்படிச் சுற்றுவது சக்தி தீர்ந்து நடுவில் விழுந்துவிடாதா? அதற்குத்தான் நிலையான வட்டமாம். எல்லா அணுவுக்கும் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லையாம். அதனால் கடைசியில் வந்ததுதான் என் பொடி லைட். ஒரு தப்பு எங்கே உதைத்தது என்று பார்த்துத்தான் அடுத்ததைக் கட்டியிருக்கிறார்கள்.

ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கிய அதே அம்மா, இப்போது பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். "நடுவுல நெறைய கீது, ஓரத்துல கம்மி, பாத்தியா?"

கண் கலங்கிய அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். "இதாவது சரிதானாம்மா?"

"இதுவரைக்கும் சரிங்க தாத்தா."

இதுவரைக்குமா! எரிச்சலில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கூட்டம் மேடைப் பக்கம் போனதும், வயர்மேனைக் கூப்பிடாமல் நானே ஏணி போட்டு ஏறி, நாலு பலகையையும் அந்தந்த வளைவின் கீழே திரும்ப மாட்டினேன்.

விழா முடிந்தால் உருவத்தைப் பிரித்து, பல்பை அடுத்த ஊருக்கு அனுப்புவதுதான் வழக்கம். தர்பூசணியை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. "இடத்த அடைச்சுக்கினு கீது மொதலாளி" என்று வயர்மேன் தினமும் புலம்புகிறான். தப்பான உருவத்தை ஒரு நிமிஷம் பொறுக்காத நான், குடோனுக்குள் போகும்போதெல்லாம் அதன் ஸ்விட்சைப் போட்டு, கொஞ்ச நேரம் எரிய விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.