ஸ்தனிஸ்லாஸ் சாரின் ஜெட்டுக்கு உடைத்த பூசணிக்காய்

ஸ்தனிஸ்லாஸ் சார் கல்லூரி ஆபீஸில் சூப்பரின்டென்டென்ட். வீட்டில் வாயைத் திறந்தாலும் சர்க்குலர்தான் வரும். "மேற்படி சாம்பார்ல உப்பு குறைவு" என்பார். மனைவி செல்வமேரி டீச்சர் தலையைத் தூக்காமலே, "மேற்படி உப்பு உங்க எதிர்லதான் இருக்கு" என்பார்.

டர்பைன் எஞ்சினில் பறக்கிற குட்டி ஜெட் ஒன்றை ரிமோட்டில் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது சாரின் ஆசை. காசுள்ளவர்கள் விளையாட்டு அது. சார் சிக்கனமாகவே தொடங்கினார். முதலில் பேட்டரி ஃபேன் வைத்த தெர்மோகோல் விமானம். விழுந்தால் பசை போதும். அதை விழாமல் இறக்கப் பழகிய பிறகுதான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் பழைய டர்பைன் வாங்கினார். சொம்பு அளவுதான் இருக்கும். டீசலில் கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்றினால் ஓடும்.

உடனே விமானத்தில் மாட்டவில்லை. தையல் மெஷின் ஸ்டாண்டில் திருகி மாட்டி, தீயணைக்கும் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தார். முதலில் மாவு மில் முனகல், அப்புறம் விசில், அப்புறம் வீட்டு மேலேயே பிளேன் இறங்குகிற இரைச்சல். ஏர்போர்ட் சத்தம் பழகிய, சார் குடியிருக்கும் கே.கே. நகரே எட்டிப் பார்த்தது.

ஏர்போர்ட் பக்கம் என்பதால் அங்கே பறக்கவிட முடியாது. துறையூர் பக்கத்தில் மனை விற்கும் அழகிரி, தன் லேஅவுட்டின் நேரான தார் ரோட்டைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: மனை பார்க்க வேனில் ஆட்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெட் பறக்க வேண்டும். அங்கே மைக் பிடிக்கிறவன் நான்.

அந்த ஞாயிறும் வந்தது. சிவப்பு ஜெட் ரோட்டில் நின்றது. சார் ரிமோட்டை எடுக்கக் காருக்குப் போன நேரத்தில், அழகிரி நல்ல மனசோடு ஒரு வேலை செய்தார். புது வண்டிக்குச் செய்வது போலக் குங்குமம் தடவி, காசு போட்ட பூசணிக்காயைச் சுற்றி, ஜெட்டுக்கு நேர் முன்னால் உடைத்தார்.

திரும்பி வந்த சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. முன்னால் கிடப்பதையெல்லாம் டர்பைன் உறிஞ்சும். ஒரு காசு உள்ளே போனால் எஞ்சின் தூள். இன்னொன்று வாங்க வழியில்லை. பறக்காவிட்டால் ரோடும் இல்லை.

"எத்தனை காசு போட்டீங்க?"

"கையில வந்தத அள்ளிப் போட்டேன் சார். நல்ல காரியத்துக்கு யாராச்சும் எண்ணுவாங்களா சார்?"

துடைப்பத்தோடு ஒருவர் ஓடி வந்தார். அதன் குச்சியே உடைந்து விழும் என்று சார் தடுத்துவிட்டார்.

கூட வந்திருந்த செல்வமேரி டீச்சர்தான் சொன்னார்: "ஸ்கூல் கிரவுண்ட்ல பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சுக் குப்பை பொறுக்க விடுவோம்ல, அப்படி நடக்க விடுங்க."

சார் என்னிடம் மைக்கை வாங்கினார். மேற்படி ரோட்டில் சிதறிய காசுகளை எடுப்பவரே வைத்துக்கொள்ளலாம், விதைகளையும் சேர்த்து எடுக்கவும் என்று அறிவித்தார். வேனில் வந்தவர்கள் தோளோடு தோள் நின்று, குனிந்தபடியே நடந்தார்கள். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் கை நிறைய விதையோடு ஜெட் அருகில் நின்றுவிட்டார்.

"இதுக்குள்ள நெஜமாவே நெருப்பு எரியறதா?"

"ஆமாங்க. நெருப்பு உள்ளயே நிக்கும். சூடான காத்து மட்டும் பின்னாடி பாயும். அதுதான் தள்ளுது" என்றார் சார்.

"அணையாதோ?"

"டீசல்ல காத்துக் குமிழி வந்தா அணைஞ்சுடும். எனக்கும் அதே பயம்தான்."

எல்லாம் பொறுக்கியாயிற்றா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. வெள்ளைச் சட்டையோடு சார் ரோட்டில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தாரில் வைத்து, வெயிலுக்கு எதிரே பார்த்தார். ஓரிடத்தில் ஏதோ மின்னியது. பூசணிச் சதையோடு தாரில் ஒட்டிக் கிடந்த ஒரு ரூபாய். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி படுத்துப் பார்த்தார். எதுவும் மின்னவில்லை.

முனகல், விசில், இரைச்சல். ஜெட் ஓடியது, எழுந்தது. தலைகள் எல்லாம் அதன் பின்னாலேயே திரும்பின. இரண்டு வட்டம் அடித்து, துள்ளாமல் இறங்கியது. எஞ்சின் அணைந்த பிறகும் சூடு ஆறுவதற்காக உள்ளே சக்கரம் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. சார் காதை வைத்துக் கேட்டார். உரசல் இல்லை.

அழகிரி இன்னொரு பூசணிக்காயோடு வந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு சார்."

சார் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். "மேற்படி காய் சாம்பாருக்கு" என்று செல்வமேரியிடம் நீட்டினார்.